இடத்துக்கு அட்வான்ஸ் குடுக்கப் போறீங்களா? என் 6 லட்சம் போன கதைய படிச்சிட்டுப் போங்க

இடத்து ஓனருக்கு நான் விட்ட வக்கீல் நோட்டீஸுக்கு, நேத்து சாயங்காலம் அவர்கிட்ட இருந்து ரிப்ளை நோட்டீஸ் வந்துச்சு. நான் இடம் வாங்க அக்ரிமென்டே போடலையாம், அவருக்கு 6 லட்சம் வட்டிக்கு விட்டேனாம், அதுக்கு ஈடா வெத்துப் பத்திரத்துல கையெழுத்து வாங்கி வச்சுக்கிட்டேனாம். படிச்சதுல இருந்து சோறு எறங்கல. வட்டிக்கு விடுற ஆளா நானு?

மதுரைக்கு வெளிய 5 சென்ட் மனை, 22 லட்சம்னு பேசினது. மெயின் ரோட்டுல போர்டு வச்சு ஆபீஸ் போட்டிருக்கற ஒரு புரோக்கர் மூலமாப் போனோம், பேரு இங்க வேணாம். ஓனர் வீட்டுல உக்கார வச்சு அவங்க சம்சாரம் காப்பி குடுத்தாங்க, என் சம்சாரத்த பக்கத்துல கூப்பிட்டு பிள்ளைங்க என்ன படிக்குதுன்னு விசாரிச்சாங்க, அவரு பீரோவத் தொறந்து மூலப்பத்திரத்தையே எடுத்து என் கையில குடுத்து "ஜெராக்ஸ் எடுத்துட்டு அப்புறமா குடுங்க தம்பி, நமக்குள்ள என்ன"ன்னாரு. அந்த "நமக்குள்ள என்ன"லதான் நான் விழுந்தது. 2 லட்சம் அவரு பேங்க் கணக்குல போட்டேன், மீதி 4 லட்சம் சம்சாரம் நகைய அடகு வச்சு ரொக்கமா. ஆக 6 லட்சம். அக்ரிமென்ட்ட பதிவு பண்ணிரலாமான்னு நான் கேட்டேங்க, கேக்காம இல்ல. புரோக்கர்தான் "அட்வான்ஸுக்கு ஒரு பர்சன்ட், 6 ஆயிரம் தண்டமாப் போகும், மூணு மாசத்துல கிரயமே முடிக்கப் போறோம்"னாரு. 6 ஆயிரத்தப் பாத்தேன், 6 லட்சத்த விட்டேன்.

அதுக்கப்புறம் பட்டால இனிஷியல் தப்பா இருக்கு, ஆடி போகட்டும், தங்கச்சி ஊருக்கு வந்து கையெழுத்துப் போடணும்... மூணு மாசக் கெடு தாண்டி ஒரு வருஷம் ஓடிருச்சு. எல்லாம் போன்லயே பேசினேன், எழுத்துல ஒரு வரி கிடையாது. போன மாசம் பதிவாபீஸ்ல வில்லங்கச் சான்று போட்டுப் பாத்தா வேற ஒருத்தருக்கு கிரயம் ஆயிருக்கு! புரோக்கர் ஆபீசுக்கு ஓடினேன், "அது உங்களுக்கும் ஓனருக்கும் உள்ளது சார், எங்க வேலை காட்டி விடுறது மட்டும்தான்"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்பிடுறாரு. கமிஷன் வாங்கும்போது மட்டும் எங்க வேலையா இருந்துச்சா?

வக்கீல் சொன்னப்பதான் நான் எங்க கோட்டை விட்டேன்னே புரிஞ்சுது. வித்தவர் ஏமாத்தினா அக்ரிமென்ட்படி கிரயம் பண்ணிக் குடுன்னு கேக்கலாம், ஏற்றதை ஆற்றும் வழக்குன்னு பேரு, 1963 ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்துல வருது. 2018ல அதத் திருத்தி, எல்லாம் சரியா இருந்தா கிரயம் பண்ணித் தரச் சொல்லியே ஆகணும்னு ஆக்கிட்டாங்க, முன்ன மாதிரி கோர்ட் விருப்பம் இல்ல. ஆனா முதல் நாள்ல இருந்து மீதிப் பணத்தோட நான் தயாராவும் விருப்பமாவும் இருந்தேன்னு நான்தான் நிரூபிக்கணும். மீதி 16 லட்சத்துக்கு நான் லோனுக்கு வாய்மொழியாதானே கேட்டு வச்சிருந்தேன்!

பதிவாகாத அக்ரிமென்ட்ட இந்த வழக்குக்கு சாட்சியமா எடுத்துக்கலாம்னு நம்ம தமிழ்நாட்டு கேஸ் ஒண்ணுலயே சுப்ரீம் கோர்ட் 2023ல சொல்லிருச்சு, அது ஒரு ஆறுதல். ஆனா வாங்கின புது ஆளு "வில்லங்கத்துல ஒண்ணும் இல்ல, முழுப் பணம் குடுத்தேன், இப்படி ஒரு அக்ரிமென்ட் இருக்கறது எனக்குத் தெரியாது"ன்னு சொன்னா, அது உண்மையாவும் இருந்தா, இடம் அவருக்குத்தான். அந்த 6 ஆயிரத்தக் கட்டியிருந்தா வில்லங்கத்துலயே என் பேரு ஏறியிருக்கும், அவரு அப்படிச் சொல்லவே முடியாது. இப்ப வழக்குப் போடவும் மொத்த விலை 22 லட்சத்துக்கு 3 சதவீதம், 66 ஆயிரம் கோர்ட் ஃபீஸ். எங்க போவேன்?

என்ன செய்யணும்னு வரிசையா எழுதத்தான் உக்காந்தேன், மனசு ஓடல, இத மட்டும் வச்சுக்கங்க. அக்ரிமென்ட்ட பதிவு பண்ணுங்க, யாரு வேணாம்னாலும். ரொக்கமா குடுக்காதீங்க, இடத்துக்கு 20 ஆயிரமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கறதே வருமான வரிச் சட்டப்படி தப்பு. கெடு முடியறதுக்குள்ள, "பணம் ரெடி, வந்து கிரயம் பண்ணிக் குடுங்க"ன்னு வக்கீல் நோட்டீஸ் விடுங்க. கெடு தேதில இருந்து 3 வருஷத்துக்குள்ள வழக்குப் போடணும், அதுக்காக 3 வருஷம் தூங்கிறாதீங்க. மனுவுலயே, இடம் கிடைக்கலன்னா அட்வான்ஸ திருப்பிக் குடுன்னும் சேத்துக் கேளுங்க, கேக்கலன்னா கோர்ட் அதத் தராது.

நாளைக்கு பேங்க்குக்குப் போகணும். அந்த மூணு மாச ஸ்டேட்மென்ட்டும் நகை அடகு ரசீதும் வக்கீல் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காரு. 6 லட்சங்க.