டஸ்கனி ஒருநாள் சுற்றுலா: 355 யூரோ கொடுத்து எண்ணெய்க் கடை பார்த்த கதை

இத்தாலியின் டஸ்கனி பகுதியில் இருக்கும் ஃபிளாரன்சுக்குக் குடிவந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து அம்மா வந்திருந்தார். மே மாதம், வெயில் ஏறுவதற்குள் கிராமப்புறத்தைக் காட்டிவிடலாம் என்று இணையத்தில் ஒருநாள் பஸ் சுற்றுலா பதிவு செய்தேன். பெரியவர்கள் மூவருக்குத் தலா 95 யூரோ, மகளுக்கு 70. கைடு, கியாந்தி திராட்சைத் தோட்டத்தில் ஒரு மணி நேர நடை, சைவச் சாப்பாடு, சான் ஜிமிஞானோ, சியனா என்று இரண்டு பழைய ஊர்கள் என்று போட்டிருந்தார்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நடத்தும் விதத்தைச் சொன்னால் போதும்.

எட்டு மணி பஸ் எட்டே முக்காலுக்குக் கிளம்பியது. சரி, போகட்டும். அரை மணி நேரத்தில் ஒரு தோல் பை கடை வாசலில் நின்றது. "பாத்ரூம் போக வேண்டியவர்கள் போகலாம்" என்றார் கூட வந்த பெண். பாத்ரூம் கடையின் கடைசியில். போகவும் வரவும் பைகளுக்கு நடுவேதான் வழி. நாற்பது நிமிடம் அங்கேயே போயிற்று.

அடுத்தது 'பண்ணை'. திராட்சைத் தோட்டம் சாலைக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. எங்கள் ஒரு மணி நேர நடை என்பது பஸ்ஸிலிருந்து ஹாலுக்கு நடந்ததுதான். உள்ளே நீள மேசைகள், ஆளுக்கொரு சின்ன பிளாஸ்டிக் கப்பில் ஆலிவ் எண்ணெய். "இந்த வாரம் பிழிந்தது, இன்னும் ஒரு மாதம் விட்டால் இந்த வாசனை போய்விடும்" என்று ஒருவர் உருகி உருகிப் பேசினார். நானும் உருகிவிட்டேன். அரை லிட்டர் டின் மூன்று, 72 யூரோ.

சைவச் சாப்பாடு என்று வந்தது ரிபொல்லித்தா, அதாவது பீன்ஸும் கரும்பச்சைக் கீரையும் பழைய ரொட்டியும் போட்டுக் கொதிக்க வைத்த சூப். மனைவி இரண்டு கரண்டி சாப்பிட்டபின் ஸ்பூனில் இளஞ்சிவப்பாக ஒரு துணுக்கு. கேட்டால், "பஞ்செட்டாதான், ருசிக்குக் கொஞ்சம்" என்கிறார் பரிமாறியவர். பன்றி வயிற்று இறைச்சி! அம்மா கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு ரொட்டியும் தக்காளியும் சாப்பிட்டார். இங்கே 'சென்சா கார்னே' (இறைச்சி வேண்டாம்) என்று மட்டும் சொன்னால் போதாது; ஹாமும் பஞ்செட்டாவும் இறைச்சிக் கணக்கில் வராது என்று நினைப்பவர்கள் உண்டு. பெயர் சொல்லிக் கேளுங்கள், சூப்பின் அடிநீரையும் சேர்த்து.

அந்த ஹாலிலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டதால் சான் ஜிமிஞானோவுக்குக் கிடைத்தது 45 நிமிடம். ஒரு காலத்தில் எழுபதுக்கு மேல் கோபுரங்கள் நின்ற ஊர். இன்றும் 14 நிற்கின்றன. 1990-லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. பஸ் கோட்டைச் சுவருக்குள் போகாது, கீழே நிறுத்திவிட்டு ஏற வேண்டும். முழங்கால் வலியோடு அம்மா வாசல்வரை வந்ததும் திரும்பும் நேரம் ஆகிவிட்டது. அங்கிருந்த திண்டில் உட்கார்ந்து கேட்டார்: "ஏங்கண்ணு, ஊரைப் பாக்க வந்தமா, எண்ணெய் வாங்க வந்தமா?"

சியனாவில் சிப்பி வடிவச் சதுக்கத்தின் சரிவில் உட்கார்ந்தது ஒன்றுதான் அன்றைக்கு நல்ல நேரம். ஜூலை 2, ஆகஸ்ட் 16 தேதிகளில் குதிரைப் பந்தயம் நடக்கிற இடம். இதெல்லாம் நான் மகளுக்குச் சொன்னது. கூட வந்த பெண் எதையும் விளக்கவில்லை. கேட்டதற்கு நேர்மையாகவே சொன்னார்: "நான் கைடு இல்லை, கூட வருபவள் மட்டும்." இத்தாலியில் சுற்றுலா கைடாக வேலை செய்யத் தேர்வெழுதித் தகுதி பெற வேண்டும், தேசியப் பட்டியலுக்கே 2023-இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. பதிவு செய்த பக்கத்தை மறுபடி பார்த்தேன். கீழே பொடி எழுத்தில் 'உடன் வருபவர்' என்றுதான் இருந்தது.

பணத்தைக் கேட்டு மூன்று மின்னஞ்சல் போட்டேன். இரவு தங்காத, 24 மணி நேரத்துக்குக் குறைந்த பயணம் ஐரோப்பியத் தொகுப்புச் சுற்றுலா (பேக்கேஜ் டூர்) விதிகளில் வராது என்று பதில். தேடிப் பார்த்தால் உண்மைதான். அதனால் பணம் கட்டும் முன்பே எழுதிக் கேட்டு வாங்கி வையுங்கள்: எந்த ஊரில் எத்தனை நிமிடம், கடை நிறுத்தம் எத்தனை, உரிமம் உள்ள கைடு வருகிறாரா. இழுத்தடித்தால் விட்டுவிடுங்கள். ஃபிளாரன்சிலிருந்து சியனாவுக்கு 131 எண் பஸ் போகிறது. சான் ஜிமிஞானோவுக்கு போஜ்ஜிபோன்சி வரை ரயில், அங்கிருந்து 130. எங்களுக்கு அப்போது தெரியாது.

எண்ணெய் டின்னை வீட்டுக்கார அம்மாளிடம் பெருமையாகக் காட்டினேன். "மே மாதத்தில் யார் ஆலிவ் பறிக்கிறார்கள்?" என்று சிரித்தார். இங்கே அறுவடை அக்டோபர், நவம்பரில். டின்னைத் திருப்பி அடியிலிருந்த வரியை விரலால் காட்டினார்: ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் எண்ணெய்களைக் கலந்தது. டஸ்கனி என்ற சொல் முன்பக்கப் படத்தோடு சரி.

ஒரு டின் சமையலுக்குத் தீர்ந்தது. மற்ற இரண்டையும் அம்மா சாமி விளக்குக்கு எடுத்து வைத்துவிட்டார். நன்றாகத்தான் எரிகிறது.