எல்லைப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேருக்குக் கொடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

8,500 ரூபாய். மழையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டு நின்று கிடக்கிற நேரத்தில், விலை ஏறட்டும் என்று வைத்திருந்த ரப்பர் ஷீட்டை எடுத்து விற்று அப்பா தந்த காசு. நேற்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. கடைப்பெயரை இங்கே போடவில்லை. தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளை சுற்றுவட்டாரத்தில், வீட்டுக்கே வந்து எடுத்துப்போய் சரிசெய்து தருவோம் என்று பலகை வைத்திருக்கிற ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை, அவ்வளவுதான்.

நான் வீட்டில் இருந்தபடியே நாலு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். ஆறு வருஷப் பழைய டெஸ்க்டாப். இரண்டு வாரமாகவே அது வேலைக்கு நடுவில் உறைந்து நிற்கும், மவுஸ் அசையாது, பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துத்தான் மறுபடி போட வேண்டும். ஐப்பசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் பயங்கர இடி. மறுநாள் காலையில் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. அன்று தேதி 17. 20-க்குள் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். அந்தப் பதற்றத்தில்தான் பலகையில் பார்த்த நம்பருக்குக் கூப்பிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் ஒரு தம்பி வந்தான். நல்ல மரியாதை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தான், அம்மா கொடுத்த கட்டன் சாயாவை வாங்கிக் குடித்தான். பக்கத் தகட்டைக் கழற்றி, குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "கருகின வாடை வருது பாருங்கக்கா, இடியில மதர்போர்டு போச்சு" என்றான். எல்லா பாகங்களையும் இணைக்கிற முக்கிய சர்க்யூட் தட்டுதான் மதர்போர்டு. நானும் குனிந்தேன். எனக்கும் வாடை வந்த மாதிரியே இருந்தது. அந்த ஒரு நொடியில்தான் ஏமாந்தேன் என்று இப்போது தெரிகிறது. அவன் சொன்னதால்தான் எனக்கு வாடை வந்தது.

அப்புறம் இன்னொன்றும் சொன்னான். "விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சுல்லா, பழைய போர்டெல்லாம் இனி ஒவ்வொண்ணா நிக்கும்." 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது உண்மை. ஆனால் நின்றது பாதுகாப்பு அப்டேட்தான். அதனால் எந்தக் கம்ப்யூட்டரும் திரை வராமல் போகாது. பாதி உண்மையைக் கலந்து சொன்னதால் நம்பிவிட்டேன். அட்வான்ஸ் 4,000 ஜிபே, மீதி 4,500 கையில். பில் கேட்டதற்கு ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் 'போர்டு 8,500' என்று எழுதிக் கொடுத்தான்.

மூன்றாம் நாள் கொண்டுவந்து வைத்தான். திரை வந்தது. ரிட்டர்னும் போட்டுவிட்டேன். ஆனால் முன்பைவிட மெதுவாக இருந்தது, நாலாவது நாள் மறுபடி உறைந்தது. நாகர்கோவிலில் படிக்கிற சித்தி மகன் வீட்டுக்கு வந்தபோது, கம்ப்யூட்டர் நிலவரம் காட்டுகிற டாஸ்க் மேனேஜரைத் திறந்து, "அக்கா, இதுல எவ்வளவு ராம் இருந்தது?" என்று கேட்டான். ராம் என்றால் வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் பயன்படுத்துகிற நினைவகம், குச்சி மாதிரி மாட்டியிருக்கும். என்னுடையதில் 8 ஜிபி, 4 வீதம் இரண்டு. இப்போது காட்டியது 4. ஒன்றை உருவியிருக்கிறார்கள். ராம் விலை இப்போது ஏறிக்கிடக்கிறதாம், அவன்தான் சொன்னான்.

பிறகு பெட்டியைத் திறந்தான். மதர்போர்டு மாற்ற வேண்டுமானால் பிராசஸர் மேல் சூட்டைத் தணிக்க இருக்கிற கூலரைக் கழற்றியே ஆக வேண்டும். அந்தக் கூலர் ஃபேனுக்கு அடியில் கம்பளித் துணி மாதிரி தூசி படிந்து கிடந்தது. ஒரு விரல் பட்ட தடம்கூட இல்லை. வாங்கியபோது வந்த போர்டு அட்டைப்பெட்டியை அம்மா அலமாரி மேல் பத்திரமாக வைத்திருந்தார். அதில் இருந்த சீரியல் நம்பரும் போர்டில் ஒட்டியிருந்த நம்பரும் ஒன்றேதான். என் பழைய போர்டே எனக்கு 8,500 ரூபாய்க்கு விற்கப்பட்டிருக்கிறது.

சித்தி மகன் மிச்சமிருந்த ராமைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பல்வரிசையை அழிரப்பரால் தேய்த்தான், ரப்பர் கறுத்தது. தூசியை எடுத்து, பிராசஸர் சூட்டைக் கூலருக்குக் கடத்துகிற, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினான். அதற்குப் பிறகு இன்றுவரை ஒருமுறைகூட உறையவில்லை. ஈரக்காற்றில் ராம் முனை மங்கியதும், சூடு வெளியேற வழி இல்லாததும்தான் மொத்த வியாதி. பேஸ்ட் ட்யூப் 150 ரூபாய்.

கடைக்கு போன் செய்தேன். "நாளைக்குப் பையனை அனுப்புறேன்." மறுநாள், "ஓனர் நெய்யாற்றின்கரை போயிருக்கார்." அடுத்த நாள் நேரிலேயே போனேன். வேலை நடந்தது கேரளப் பக்கம் இருக்கிற எங்கள் பாறசாலை கடையில், அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள். பஸ் ஏறிப் போனேன். அங்கே இருந்தவர், "பில்லு உண்டோ சேச்சி?" என்றார். கார்டைக் காட்டினேன். "இது தமிழ்நாட்டு கடையல்லே, ஞங்ஙள்க்கு அறியில்ல." இது தமிழ்நாட்டுக் கடை அல்லவா, எங்களுக்குத் தெரியாது என்று மலையாளத்தில் கைவிரித்துவிட்டார். இரண்டு கடைக்கும் நடுவில் ஐந்தாறு கிலோமீட்டர்கூட இருக்காது, ஒரு எல்லைக்கோட்டைச் சாக்காக வைத்து என்னைப் பந்தாடினார்கள். திரும்பி வந்து கூப்பிட்டபோது என் நம்பரை பிளாக் செய்திருந்தார்கள். 8,500 ரூபாய் போனதைவிட, அந்த வெயிலில் இரண்டு கடை வாசலில் மாறிமாறி நிற்க வைத்ததுதான் தாங்க முடியவில்லை.

விவரமாக எழுத இப்போது மனநிலை இல்லை, சட்டென்று தோன்றுவதைச் சொல்கிறேன். ஃபேன் ஓடித் திரை வராவிட்டால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மானிட்டர் கேபிளையும் ராமையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். கொடுத்தே தீர வேண்டுமென்றால் பெட்டியைத் திறந்து போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க் நம்பர்களை அவர்கள் முன்னாலேயே போட்டோ எடுங்கள். மாற்றிய பழைய பொருளைக் கையில் தரச் சொல்லுங்கள். அச்சடித்த பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். இடி வந்தால் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று காலை புகார் பதிவு செய்தேன். ஜிபே ரசீது, கார்டின் பின்பக்கம், அட்டைப்பெட்டி நம்பர் மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். கடந்த ஒரு மாதத்தில் இந்தப் பக்கம் வீட்டுக்கு வந்து எடுத்துப்போன கடையில் கொடுத்தவர்கள் இருந்தால், இன்றைக்கே டாஸ்க் மேனேஜரைத் திறந்து உங்கள் ராம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். குறைந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே போய்க் கேட்போம்.