பாஸ்வேர்ட்_ஹாஷ்: நீண்ட காலம் பாவித்த பிறகு

இலங்கையில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தனியார் வகுப்புகள், இரண்டொரு விடுதிகள், ஒரு கடன் சங்கம் என்று நான் பராமரிக்கும் தளங்கள் எல்லாமே பி.எச்.பி. என்ற கணினி மொழியில் ஓடுபவை. கடவுச்சொற்களுக்கு அந்த மொழியின் 5.5ஆம் பதிப்போடு 2013இல் வந்த பாஸ்வேர்ட்_ஹாஷ், பாஸ்வேர்ட்_வெரிஃபை என்ற இரண்டைத்தான் நம்பியிருக்கிறேன். முதலாவது கடவுச்சொல்லைத் திரும்ப மீட்க முடியாத ஒரு சரமாக (ஹாஷ்) மாற்றும்; இரண்டாவது, நுழையும்போது தட்டியது அதோடு பொருந்துகிறதா என்று பார்க்கும். இவ்வளவு குறைவாகத் தொல்லை தரும் கருவி என் வேலையில் வேறில்லை. யாராவது தமிழில் கடவுச்சொல் வைக்கும் வரைக்கும்தான்!

முதலில் நல்லது. பிகிரிப்ட் என்ற, வேண்டுமென்றே மெதுவாக ஹாஷ் செய்யும் முறையில் கிடைக்கும் 60 எழுத்துச் சரத்துக்குள்ளேயே எந்த முறை, எவ்வளவு கடினம், எந்த சால்ட் (ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் கலக்கும் தற்செயல் எழுத்துகள்) என்ற எல்லாம் அடங்கிவிடுகின்றன. சால்ட்டுக்கென்று அட்டவணையில் தனி நிரல் தேவையில்லை. ஒரே கடவுச்சொல்லை இருவர் வைத்தாலும் தரவுத்தளத்தில் வேறு வேறாகத்தான் நிற்கும்.

இதன் அருமை, வேறொருவர் எழுதிய தளமொன்றைப் பொறுப்பேற்றபோது தெரிந்தது. அங்கே சால்ட் இல்லாத எம்.டி.5 என்ற பழைய, வேகமான ஹாஷ் முறை. மாணவர் அட்டவணையைத் திறந்தால் ஒரே ஹாஷ் வரிசை வரிசையாக நிற்கிறது. கண்டுபிடிக்க மூளையைக் கசக்க வேண்டியிருக்கவில்லை: வகுப்பின் பெயர், பின்னால் 123. எல்லோரும் மறுபடி நுழையும் வரை காத்திருக்காமல், இருந்த எம்.டி.5 சரங்களையே பிகிரிப்ட்டுக்குள் போட்டுப் பழையவற்றை அழித்தேன். பிறகு அவரவர் நுழையும்போது நேரடி ஹாஷாக மாற்றிக்கொண்டேன். மாணவர்களுக்கு எதுவும் தெரியாது.

பழைய ஹாஷைப் புதுப்பிக்க வேண்டுமா என்று சொல்லும் பாஸ்வேர்ட்_நீட்ஸ்_ரீஹாஷ் என்ற மூன்றாவதும் இப்படித்தான் சத்தமில்லாமல் உழைக்கிறது. பிகிரிப்ட்டின் கடினம் ஒரு படி கூடினால் கணக்கிடும் வேலை இரட்டிப்பாகும். 2024இல் வந்த 8.4ஆம் பதிப்பு இயல்பு அளவை 10இலிருந்து 12ஆக்கியது. பழைய சரங்களை, சொந்தக்காரர் நுழையும்போது அது சுட்டிக்காட்ட, புதுப்பித்துவிடுகிறேன்.

2015இல் கடவுச்சொல் ஹாஷ் போட்டியில் வென்ற ஆர்கன்2 குடும்பத்தின் ஆர்கன்2ஐடியையும் பார்த்தேன். தரத்தில் குறையில்லை. ஆனால் பி.எச்.பி.யின் இயல்பு அமைப்பில் ஒரு தடவைக்கு 64 மெகாபைட் நினைவகம் கேட்கிறது. புள்ளிகள் வெளியாகும் இரவில் வகுப்பு முழுவதும் ஒன்றாக நுழைந்தால், மாதக் கட்டணத்துக்கு எடுத்த மலிவு சர்வர் படுத்துவிடும். எனவே பிகிரிப்ட்டோடு நின்றுவிட்டேன்.

இனித் தமிழுக்கு வருவோம். பிகிரிப்ட் முதல் 72 பைட்டை மட்டுமே பார்க்கும்; மீதியை வாய் திறக்காமல் வெட்டிவிடும். ஆங்கிலத்தில் 72 எழுத்து யாருக்கும் போதும். தமிழிலோ, எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் (எழுத்து, கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி) மூன்று பைட். ‘கொட்டகலை’ என்ற ஊர்ப்பெயர் மட்டும் 24 பைட். அத்தகைய மூன்று சொற்களோடு எல்லை முடிந்தது. நாலாவது சொல்லைத் தப்பாகத் தட்டினாலும் கதவு திறக்கும்.

இதைவிடப் பெரிய தலைவலி அந்த ‘கொ’. கொம்பும் காலும் ஒரே குறியாகவும் வரலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் வரலாம். திரையில் ஒரு வித்தியாசமும் இல்லை. பைட்டில் 24க்கு 27. வீட்டுக் கணினியில் பதிந்த பிள்ளை அம்மாவின் கைப்பேசியில் நுழைய முடியாமல் தவிப்பதற்கு இதுவே காரணமாகலாம். ஹாஷ் செய்யும் முன்னும் சரிபார்க்கும் முன்னும் நார்மலைசர் என்ற கருவியால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீர்ந்துவிடும். 72ஐத் தாண்டினால் பதிவின்போதே மறுத்துவிடுகிறேன்.

பெற்றோர் சிலர் இன்னும் அழைக்கிறார்கள்: “தம்பி, மகளுடைய பாஸ்வேர்டைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.” எனக்கே தெரியாது என்றால் நம்புவதில்லை. மின்னஞ்சல் இல்லாத வீடுகள் என்பதால் குறுஞ்செய்தியில் புதுக் குறியீடு அனுப்புகிறேன்.

எந்த ஹாஷும் காப்பாற்றாத ஒன்று உண்டு: தொலைபேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைப்பது. 07 என்று தொடங்குவது ஊரறிந்தது. மீதி எட்டு இலக்கம். அந்த எண்ணும் அதே அட்டவணையில் பக்கத்து நிரலில் கிடக்கிறது! அதையும் அடையாள அட்டை இலக்கத்தையும் என் தளங்கள் இப்போது ஏற்பதில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஹாஷ் நிரலை 255 எழுத்துக்கு வையுங்கள். நாளை இயல்பு முறை மாறினால் 60 போதாமல் போகலாம்.