ஃபிரேசர் மலைக்குப் பறவை பார்க்கும் வேன்: ஐந்துக்கு இரண்டரை

கோலாலம்பூரிலிருந்து சனிக்கிழமைகளில் ஃபிரேசர் மலைக்குப் பறவை ஆர்வலர்களை ஏற்றிச் செல்லும் ஒரு வேன் சேவையைப் பற்றியது இது. பெயரைச் சொல்லப் போவதில்லை; குறைகளை முதலாளியிடமே நேரில் சொல்லிவிட்டேன். செந்தூலில் டீசல் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவன் நான். ஆகவே இதில் பறவை பாதி, இஞ்சின் பாதி இருக்கும்.

ஆளுக்கு 160 ரிங்கிட். விடியுமுன் பிரிக்பீல்ட்ஸில் ஏற்றிக்கொண்டு, கோலகுபு பாருவில் பசியாற நிறுத்துகிறார்கள். ஓட்டுநர் தம்பி கெட்டிக்காரர். அத்தனை வளைவுகளிலும் யாருக்கும் வயிறு குமட்டவில்லை. இறங்கும்போது கியரில் பிடித்தே இறக்கினார், பிரேக் சூட்டு வாடையே வரவில்லை. வழிகாட்டிப் பெண்ணுக்குக் கழுகுக் கண். மணிக்கூண்டுச் சந்தியைத் தாண்டியதுமே வெள்ளிச்செவி மீசியா என்ற சிறு பறவைகளின் கூட்டத்தைக் காட்டிவிட்டார். இரண்டரை நட்சத்திரமும் இவர்கள் இருவருக்கும்தான்.

குறை, வண்டி நின்ற பிறகு தொடங்குகிறது. ஃபிரேசர் மலையில் பறவை பார்ப்பது பெரும்பாலும் சாலையோரத்தில்தான். டெலிகாம் லூப் போன்ற சாலைகளில் பல இனங்கள் ஒன்றாகக் கலந்து, கிளை கிளையாக இரை தேடிக்கொண்டு நகரும். அப்படி ஒரு கூட்டம் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தபோது வேன் உறுமிக்கொண்டே நின்றது. அணைக்கச் சொன்னேன். "அண்ணே, ஏர்கான் நின்றால் ஆட்கள் முனகுகிறார்கள், முதலாளி அணைக்க வேண்டாம் என்கிறார்" என்றார் ஓட்டுநர். ஆயிரம் மீட்டருக்கு மேலே, ஊரே குளிர் தேடி ஏறிவரும் மலையில் ஏர்கான்! அந்த இஞ்சினின் தாங்குகட்டை ரப்பர் வேறு தேய்ந்திருந்தது. நின்ற இடத்தில் ஓடும்போது உடம்பு முழுக்க அதிர்ந்தது. பட்டறைக்கு வந்தால் ஒரு பிற்பகலில் மாற்றிக் கொடுத்துவிடலாம்.

டீசல் இரைச்சலில் தாழ்ந்த ஒலிதான் அதிகம். குக்குறுவான், தீக்காக்கை போன்றவற்றின் கனத்த குரல் அதற்குள் அமுங்கிவிடும். நெதர்லாந்தின் லைடன் நகரில், இரைச்சல் மிகுந்த தெருக்களில் வாழும் பட்டாணிக்குருவிகள் சுருதியை உயர்த்திப் பாடுவதை 2003இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். எல்லாப் பறவைக்கும் அப்படிச் சுருதி மாற்ற வருமா? அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சாலையே இல்லாத ஒரு மலைமுகட்டில் ஒலிபெருக்கிகளை வரிசையாக வைத்து, வாகனச் சத்தத்தை மட்டும் ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். சத்தம் ஒலித்த நாட்களில் அங்கே பறவைகள் கால்பங்குக்கு மேல் குறைந்தன என்று 2013இல் முடிவு வெளியானது. வண்டியே இல்லை, வெறும் சத்தம்!

அடுத்தது கதவு. சறுக்குக் கதவை இழுத்து அறைந்துவிட்டுப் பத்துப் பேரும் கேமராவோடு மரத்தடிக்கு ஓடினார்கள். பிறகு அங்கே என்ன இருக்கும், இலைதான் இருக்கும். ஃபுளோரிடாவின் சானிபெல் தீவிலுள்ள டிங் டார்லிங் சரணாலயத்தில் காரிலேயே சுற்றிப் பார்க்க ஒரு பாதை உண்டு. அங்கே நடந்த ஆய்வு 1993இல் வெளியானது. காருக்குள்ளேயே இருந்தவர்களைவிட, இறங்கி நெருங்கியவர்களால்தான் நீர்ப்பறவைகள் அதிகம் கலைந்தன. அந்தப் பாதையை வெள்ளிக்கிழமைகளில் பொதுமக்களுக்கு மூடிவிடுகிறார்கள். நம் ஆட்களிடம் அப்படிச் சொன்னால் ஊர்வலம் போவார்கள்.

இதைப் படித்துவிட்டு வண்டியே ஆகாது என்று நினைக்க வேண்டாம். இஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, வாயை மூடி உட்கார்ந்தால் வேனைப்போல் நல்ல மறைவிடம் கிடையாது. மதியத்துக்கு மேல் பாதிப் பேர் உணவுக் கடையில் தங்கிவிட, வழிகாட்டிப் பெண் அப்படித்தான் எங்களை உட்கார வைத்தார். நீண்டவால் சிபியா என்ற பறவை ஒன்று பக்கக் கண்ணாடிக்கு எட்டும் தூரத்தில் வந்து புழு தின்றது. வேன் அதேதான், ஓட்டுநரும் அவரேதான்; மாறியது நாங்கள் நடந்துகொண்ட விதம்தான்.

முதலாளி "பார்க்கலாம் அண்ணே" என்றிருக்கிறார். முன்பதிவு செய்பவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: நின்றால் இஞ்சின் அணைக்கப்படுமா, வண்டியில் எத்தனை பேர், யார் சொன்னால் இறங்கலாம். முதல் கேள்விக்கே இழுத்தால் சொந்தக் காரில் போய்விடுங்கள். எண்ணெயைக் கோலகுபு பாருவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே நிலையம் கிடையாது.