128 ஜி.பி. என்று விற்ற 32 ஜி.பி. மெமரி கார்டு: நெல்லைக்காரர்கள் கவனத்துக்கு

கோயில் கொடைவிழா, கல்யாணம், சடங்கு என்று எதையாவது வீடியோ எடுப்பதற்காக மெமரி கார்டு வாங்கப்போகிறவர்கள், விசேஷத்துக்கு முன்பே அதைக் கம்ப்யூட்டரில் செருகி, ஒருமுறை முழுக்க நிரப்பிப் பார்த்துவிடுங்கள். கார்டின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பவேண்டாம். கேமராத் திரையில் தெரியும் எண்ணையும் நம்பவேண்டாம். இரண்டுமே பொய் சொல்லும்.

நாங்குநேரிப் பக்கம் எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயிலில் சித்திரையில் கொடை. மும்பையில் இருக்கும் பெரியப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்ததால் வர வழியில்லை. “மகுடப் பறை அடிக்கத் தொடங்குவதிலிருந்து சாமி வேட்டைக்குப் போய்த் திரும்புவது வரை ஒன்று விடாமல் எடுத்து அனுப்பப்பா” என்று போனில் சொல்லியிருந்தார். மகுடம் அடித்துச் சாமி கதை பாடும் கணியான் கூத்துக்கு வந்த அண்ணாவியும், அதாவது தலைமைப் பாடகரும், வயதானவர். இன்னும் எத்தனை கொடைக்கு அவர் குரலைக் கேட்கப்போகிறோமோ என்ற நினைப்பு வேறு. என் கேமரா நொடிக்கு 28 மெகாபிட் எழுதும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் 3.5 மெகாபைட், மணிக்கு ஏறக்குறைய 12.6 ஜி.பி. 128 ஜி.பி. கார்டு ஒன்று இருந்தால் பத்து மணி நேரம் தாங்கும். சாமியாட்டத்துக்கு நடுவில் கார்டு மாற்றிக்கொண்டு நிற்கவேண்டியதில்லை.

திருநெல்வேலி சந்திப்பில் ஒரு கடையில் வாங்கினேன். கண்ணாடிப் பெட்டி, குளிர்சாதனம், சீருடைப் பையன்கள் எல்லாம் உள்ள கடைதான். நடைபாதைக் கடை அல்ல. பெயர் பெற்ற நிறுவனத்தின் உறை, ஒட்டுப்படம், விலை எல்லாம் ஒழுங்காக இருந்தன. மற்ற இடங்களில் கேட்டதைவிட நூறு ரூபாய் குறைவு, அவ்வளவுதான். பாதி விலைக்குக் கொடுத்தால்தான் போலி என்று பலரும் நினைக்கிறார்கள். விவரம் தெரிந்த போலிக்காரன் பாதி விலைக்கு விற்கமாட்டான்.

எட்டரை மணிக்குக் கூத்து தொடங்கியது. கேமரா விடியும்வரை ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடியது. மறுநாள் வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டால், பதினொரு மணி வரை எடுத்தது பளிச்சென்று ஓடுகிறது. அதற்குப் பிறகு எடுத்த கோப்புகளுக்குப் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, நேரம்கூட இருக்கிறது, திறந்தால் ஒன்றுமில்லை. சாமக்கொடை, வேட்டை, அதிகாலையில் அண்ணாவி தொண்டை கட்டக் கட்டப் பாடிய பகுதி அத்தனையும் போய்விட்டன.

கல்லூரியில் படிக்கும் அக்கா மகன்தான் என்ன நடந்தது என்று விளக்கினான். மெமரி கார்டு வெறும் சேமிப்புச் சில்லு மட்டும் அல்ல. உள்ளே கட்டுப்படுத்தும் சில்லு ஒன்றும் இருக்கிறது. ‘உன் கொள்ளளவு எவ்வளவு?’ என்று கேமரா கேட்டால் பதில் சொல்வது அதுதான். போலி செய்பவர்கள் 32 ஜி.பி. சேமிப்பை வைத்துவிட்டு, அந்தச் சில்லின் மென்பொருளை மாற்றி ‘128’ என்று சொல்லவைக்கிறார்கள். கேமரா அதை நம்பி எழுதிக்கொண்டே போகும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு வருவதைச் சில கார்டுகள் வாங்கிக் கீழே போட்டுவிடும். சில, சுற்றி வந்து பழையதன் மேலேயே எழுதும். கோப்புகளின் பட்டியல் மட்டும் கார்டின் தொடக்கத்திலேயே எழுதப்படுவதால் சேதமில்லாமல் தெரியும். ஆற்றங்கரை மணலில் இடம் இல்லாத மனைக்குப் பட்டா போட்டுக் கொடுத்த கதைதான்.

இதைக் கண்டுபிடிக்க இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. விண்டோஸில் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’, லினக்ஸில் ‘எஃப்3’. கார்டு முழுவதையும் தெரிந்த தரவால் நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். 128 ஜி.பி. கார்டுக்குச் சில மணி நேரம் பிடிக்கும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கிவிடலாம். என் கார்டில் 30 ஜி.பி.க்குச் சற்றுக் கீழே சரி என்றும், மீதி அத்தனையும் தொலைந்தது என்றும் வந்தது. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: நல்ல 128 ஜி.பி. கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் 119 அளவில்தான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கம்ப்யூட்டர் 1024-ஆல் வகுக்கிறது. அது ஏமாற்று அல்ல.

கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? “அண்ணாச்சி, கேமராவில்தான் கோளாறு இருக்கும், கொண்டுபோய்க் காட்டுங்கள்.” சோதனை முடிவை அச்சிட்டு நீட்டினேன். “இந்த மென்பொருளையெல்லாம் கம்பெனி ஏற்றுக்கொள்ளாது” என்றார். வாங்கும்போது “பில் அப்புறம் கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிறேன்” என்று துண்டுச்சீட்டில் ‘மெமரி கார்டு - 1’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். கொள்ளளவும் இல்லை, நிறுவனத்தின் பெயரும் இல்லை. அந்தச் சீட்டு ஏன் அப்படி இருந்தது என்பது அப்போது விளங்கியது. நீங்கள் வாங்கும்போது இரண்டும் எழுதிய, ஜி.எஸ்.டி. எண் உள்ள பில் கேளுங்கள். தயங்கினால் படி இறங்கிவிடுங்கள்.

வண்ணார்பேட்டையில் அழிந்த தரவை மீட்டுத் தருவதாகப் பலகை வைத்திருந்த ஒருவர் ஆறாயிரம் ரூபாய் முன்பணம் கேட்டார். தவறி அழித்ததை மீட்கலாம். எழுதப்படவே இல்லாததை எவராலும் மீட்க முடியாது. போலி கார்டு என்று சொன்ன பிறகும் “பார்க்கலாம்” என்றவருக்குப் பணம் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

கடைப்பையன் என்னிடம் அளந்துவிட்ட இன்னொன்று வேகம். உறையில் கொட்டை எழுத்தில் ‘100 எம்.பி.’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். வீடியோவுக்கு வேண்டியது எழுதும் வேகம். அதுவும் இதற்குக் கீழே இறங்காது என்ற உறுதி. அதைச் சொல்பவை மூலையில் இருக்கும் சின்னக் குறிகள். ஆங்கில ‘சி’ எழுத்துக்குள் 10 இருந்தால் நொடிக்கு 10 மெகாபைட். ‘யூ’ எழுத்துக்குள் 1 என்றாலும் அதே 10. 3 என்றால் 30. ‘வி’ எழுத்துக்கு அடுத்த எண் அப்படியே மெகாபைட்: வி30 என்றால் 30. நொடிக்கு 100 மெகாபிட் எழுதும் 4கே கேமராவுக்கே 12.5 மெகாபைட்தான் தேவை என்பதால் வி30 தாராளம். ‘ஏ1’, ‘ஏ2’ குறிகள் கைபேசியில் செயலிகளைக் கார்டிலேயே வைத்து ஓட்டுகிறவர்களுக்கானவை; வீடியோ எடுப்பவரிடம் அதைக் காட்டிக் கூடுதல் விலை கேட்பது வியாபாரத் தந்திரம்.

அம்பாசமுத்திரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பருக்கு வேறு வகை அடி. அவருடைய பழைய கேமரா ‘எஸ்.டி. எச்.சி.’ வரைதான் ஏற்கும். அந்த வகை 2006-இல் வந்தது, எல்லை 32 ஜி.பி. அவரிடம் 64 ஜி.பி. கார்டைத் தலையில் கட்டிவிட்டார்கள். அது 2009-இல் வந்த ‘எஸ்.டி. எக்ஸ்.சி.’ வகை. அளவும் வடிவமும் ஒன்றாக இருப்பதால் கேமராவுக்குள் போகும், வேலை செய்யாது. “பிரித்த பொருளைத் திரும்ப எடுக்கமாட்டோம்” என்றார்கள். கார்டு அசல், விற்றவிதம் மோசம். கேமரா கையேட்டில் எந்த வகை என்று பார்த்து, அந்த எழுத்துகளைக் கார்டின் மேலேயே தேடுங்கள்.

புகார் எழுதுவதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

நான் 1915-இல் பதிவு செய்த பிறகு கடையிலிருந்து அழைப்பு வந்தது. கார்டைக் கொண்டுவந்தால் பணத்தைத் தருவாராம். கார்டைக் கொடுத்தால் அது புது உறைக்குள் புகுந்து அடுத்த கொடை வீட்டாருக்கு விற்பனையாகும் என்பதால் மறுத்துவிட்டேன். கார்டு, உறை, துண்டுச்சீட்டு மூன்றும் என்னிடம் இருக்கின்றன. ஆணையத்துக்கு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.