எவர்சில்வர் பிளாஸ்க்கா, முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பையா?

சென்ற ஏப்ரலில் மன்னார்குடியில் ரயில் ஏறி ஜோத்பூர், அங்கிருந்து ஜெய்சால்மர் என்று போய் வந்தோம். மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரில் உள்ள பகத் கி கோட்டி நிலையத்துக்கு வாராந்திர ரயில் ஓடுவதால், டெல்டாக்காரர்களுக்குத் தார்ப் பாலைவனம் அத்தனை எட்டாத தூரமில்லை. ஊர் திரும்பியதிலிருந்து, அடுத்துப் போகத் திட்டமிடுகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: தண்ணீரை எதில் கொண்டுபோவது?

நான் இரண்டையும் கொண்டுபோனேன். ஒன்று, ஒரு லிட்டர் பிடிக்கும் அகன்ற வாய் எவர்சில்வர் பிளாஸ்க். மற்றொன்று, முதுகில் மாட்டிக்கொண்டு குழாய் வழியாக உறிஞ்சும் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பை. என் ஓட்டு பிளாஸ்க்குக்கு. ஆனால் பைக்கும் நியாயம் செய்துவிட்டுத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

எடை, விலை பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பை இலகு, பிளாஸ்க் கனம். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பாட்டில் ஜீப்பில் அரை மணி நேரம் கிடந்தால் வாயில் வைக்க முடியாது. அதை இந்தப் போட்டியிலேயே நான் சேர்க்கவில்லை.

பாலைவனத்தில் தண்ணீர் குடிப்பது நம் ஊர்ப் பழக்கத்துக்கு நேர் எதிரான காரியம். நம் பக்கத்தில் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். நடவு வயலில் கால் மணி நேரம் நின்றால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், நெற்றியிலிருந்து சொட்டும். அதைப் பார்த்தே தண்ணீர் குடிக்கப் பழகியவர்கள் நாம். தாரில் வியர்வை தோலில் தங்குவதே இல்லை, வந்த நொடியே ஆவியாகிவிடுகிறது. ஜெய்சால்மருக்குப் பக்கத்துச் சாம் மணல்மேட்டில், கூட வந்த மாமாவிடம் பிளாஸ்க் மூடியை நீட்டியபோது, "வேண்டாம் மாப்பிள்ளை, எனக்கு வியர்க்கவே இல்லையே" என்றார். அவருடைய நீலச் சட்டையின் தோள்பட்டையில் கோலப்பொடி சிந்தியதுபோல் வெள்ளைக் கோடுகள் படிந்திருந்தன. உப்பு! நீர் போய்விட்டது, உப்பு மட்டும் நின்றுவிட்டது. காலையிலிருந்து ஒருமுறைதான் சிறுநீர் கழித்ததாகவும், அதுவும் அடர்மஞ்சளாக இருந்ததாகவும் விசாரித்த பிறகுதான் சொன்னார். வெளிர்மஞ்சளாக இருந்தால் கவலையில்லை, நிறம் அடர்ந்தால் தண்ணீர் போதவில்லை. வியர்வையை நம்ப முடியாத இடத்தில் இந்த அடையாளத்தைத்தான் நம்ப வேண்டும்.

இந்த இடத்தில் தண்ணீர்ப் பை ஜெயிக்கிறது. குழாய் வாய்க்குப் பக்கத்திலேயே தொங்குவதால், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நடந்துகொண்டே ஒரு வாய் உறிஞ்சலாம். வெயிலில் வேலை செய்பவர்கள் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் அளவு குடிக்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ். முதல் நாள் அந்தக் கணக்கைத் தவறாமல் நிறைவேற்றித் தந்தது பைதான். குறை என்றால், குழாயில் நிற்கும் நீர் வெயிலில் சுட்டு, முதல் வாய் வெந்நீராக வரும். பைக்குள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதும் தெரியாது.

இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது, அதைக் கழுவும் பாடு. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் உடலில் உப்பு குறையும். நிறையக் குடித்தால் ஆபத்தே உண்டு. மணிக்கு ஏறத்தாழ 1.4 லிட்டருக்கு மேல் வேண்டாம் என்று அதே நியோஷ் எச்சரிக்கிறது. ஆகவே இரண்டாம் நாள் பையில் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைப் பொடியைக் கரைத்து ஊற்றினேன். இரவு விடுதியில் அலசி, கொடியில் தொங்கவிட்டேன். பை காய்ந்தது, குழாய் காயவில்லை. அடுத்த இரண்டு நாள் அதைத் தொடவில்லை. பிறகு எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கடிக்கும் முனைக்குச் சற்று மேலே கடுகை உடைத்துத் தூவியதுபோல் கரும்புள்ளிகள். முகர்ந்தால் நாட்பட்ட ஈரத்துணி வாடை. அதைக் கழுவ நீண்ட பிரஷ், சமையல் சோடா, வெந்நீர், பிறகு நன்றாகக் காய நேரம் என எல்லாம் வேண்டும். வாளித் தண்ணீரைக்கூடப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய ஊரில் இது நடக்கிற காரியமில்லை. வெப்பத்தோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் உடலில் நீர் எவ்வளவு சீக்கிரம் வற்றும் என்பதை நினைத்துத்தான் அந்தப் பையை மூட்டை கட்டினேன்.

பிளாஸ்க்கில் கை உள்ளே போகும். இரண்டு டம்ளர் தண்ணீர், துளி சோப்பு, ஒரு துணி. ஐந்து நிமிடத்தில் கவிழ்த்துவிடலாம். இன்னொரு வசதியை அங்கே போன பிறகுதான் உணர்ந்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி வரும் 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் சரியாக ஒரு லிட்டருக்கானது. என் பிளாஸ்க்கும் ஒரு லிட்டர். குறைத்தோ கூட்டியோ கலக்கும் பேச்சே இல்லை. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். மூடியில் ஊற்றிக் குடித்தால் மாமா எத்தனை மூடி குடித்தார் என்று எண்ணவும் முடிந்தது. சாலையோரக் கடைகளில் கிடைக்கும் சாஸ், நம் நீர்மோர்தான். அதையும் பயமில்லாமல் வாங்கி ஊற்றிக்கொண்டோம். ஒரு லிட்டர் போதாது என்பது உண்மை. ஜீப்பில் ஐந்து லிட்டர் கேன் வைத்து நிரப்பிக்கொண்டே இருந்தோம்.

மூன்றாவதாக ஒன்று, அந்த ஊர்க்காரர்களுடையது. சாகல் என்று சொல்லும் கான்வாஸ் பை. ஜீப்பின் முன்புறம் தொங்கும். துணி வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே குளிர்ந்துவிடும். நம் மண்பானைச் சூட்சுமம்தான், ஆனால் அந்த வறண்ட காற்றில் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. ஓட்டுநர் கொடுத்து ஒரே ஒருமுறை குடித்தேன், தித்திப்பாக இருந்தது. ஒரு வாய்த் தண்ணீரை வைத்துக்கொண்டு அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வெயில் மறைப்பதில் நான் துணிக் கட்சி. முழுக்கைச் சட்டை, தலையையும் கழுத்தையும் சுற்றிய துண்டு. ஆனால் மெல்லிய வெள்ளைத் துண்டு புற ஊதாக் கதிரை அதிகம் தடுக்காது, நனைத்தால் இன்னும் குறையும். குளிர்ச்சிக்காக நனைப்பதானால் இரண்டாக மடித்துச் சுற்றுங்கள். மணல் அந்தக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைக் கீழிருந்து திருப்பி அடிப்பதால் தாடையும் மூக்கின் அடிப்புறமும் கருகும். வேதாரண்யம் உப்பளத்தில் முகத்தைச் சுற்றித் துணி கட்டுவதன் அருமை அங்கே புரிந்தது. துணி மறைக்காத இடங்களுக்கு மட்டும் எஸ்.பி.எஃப். 30 அளவுள்ள வெயில் தடுப்புக் கிரீம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. காலை 10 முதல் மாலை 4 வரை நாங்கள் மணலுக்கே போகவில்லை. வழியில் வரும் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. மே மாதத்தில் போகவே வேண்டாம்.

நாள் முழுக்க மணலில் நடப்பவர்களின் அனுபவம் எனக்கில்லை. ஜீப் பக்கத்தில் இருந்த தைரியத்தில் எழுதுகிறேன். கேன் எட்டாத தூரம் நடப்பவர்களுக்குப் பையே சரியாக இருக்கலாம். அப்படி வாங்குவதானால், குழாயும் கடிக்கும் முனையும் தனித்தனியே கழல்கின்றனவா, பையின் வாயில் முழங்கை வரை கை நுழைகிறதா என்று கடையிலேயே பாருங்கள். அதில் தண்ணீர் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். ஓ.ஆர்.எஸ். கரைக்க ஒரு சின்ன எவர்சில்வர் பாத்திரம் தனியாக இருக்கட்டும்.