தீவிர சிகிச்சைச் செவிலியப் பாடத்துக்கு நினைவு அட்டைகள்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

தீவிர சிகிச்சைச் செவிலியப் பாடத்தை மீள்பார்வை செய்வதற்காக, நினைவு அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கேட்கும் செயலி ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். விடை நினைவுக்கு வந்த அட்டை சில நாள் கழித்து வரும். மறந்துபோன அட்டை அன்றைக்கே மறுபடியும் வந்து நிற்கும். ஹெர்மன் எப்பிங்ஹாஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி மறதியின் போக்கை 1885-இல் எழுதிவைத்தார். அந்த அடிப்படையில்தான் இந்தச் செயலிகள் இயங்குகின்றன. முதல் மாதத்தில் கேட்டிருந்தால் குறையே இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

எண்கள் மனத்தில் நின்றன என்பதில் ஐயமில்லை. இரத்த வாயுப் பரிசோதனையில் பி.எச். 7.35 முதல் 7.45 வரை, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 35 முதல் 45 வரை, பைகார்பனேட் 22 முதல் 26 வரை என்பதையும், நோயாளியின் நினைவு நிலையை மதிப்பிடும் கிளாஸ்கோ கோமா அளவுகோலில் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என்று கூட்டினால் உச்சம் 15, மிகக் குறைந்தது பூஜ்யம் அல்ல, 3 என்பதையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன். தேர்வு நன்றாகவே நடந்தது.

பணிப்பயிற்சியில்தான் சிக்கல் தொடங்கியது. இரத்த அழுத்தத்தை இடைவிடாது அளக்கத் தமனிக் குழாய் பொருத்தப்பட்ட ஒரு நோயாளிக்குச் சராசரி இரத்த அழுத்தம் 58 என்று மானிட்டர் காட்டியது. செப்டிக் ஷாக்கில் (தொற்றால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும் நிலை) அது 65-க்குக் குறையக் கூடாது என்பது என் அட்டையில் இருந்ததால், அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்தைக் கூட்டச் சொல்லி மருத்துவரை அழைக்க வேண்டும் என்று உடனே சொன்னேன். மூத்த செவிலியர் மருந்து செலுத்தும் பம்ப் பக்கம் போகவே இல்லை. சற்று முன் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தபோது கட்டில் இறக்கப்பட்டிருந்ததையும், கம்பத்தில் இருந்த டிரான்ஸ்டியூசர் (தமனிக் குழாயின் அழுத்தத்தை அளக்கும் உணரி) பழைய உயரத்திலேயே நின்றதையும் காட்டினார். பிறகு அதை நான்காவது விலா இடைவெளியும் அக்குளின் நடுக்கோடும் சந்திக்கும் இதய மட்டத்துக்கு இறக்கி, அளவீட்டின் தொடக்கத்தைப் பூஜ்யத்துக்குச் சரிசெய்தார். எண் 66 ஆனது. டிரான்ஸ்டியூசர் இதய மட்டத்துக்கு மேலே 10 செ.மீ. இருந்தால் அழுத்தம் ஏறத்தாழ 7.5 மி.மீ. பாதரசம் குறைவாகத் தெரியும் என்பது என் அட்டைகளிலும் இருந்தது. ஆனால் அது "கருவிகள்" என்ற தொகுப்பிலும், 65 என்ற எண் "ஷாக்" என்ற தொகுப்பிலும் இருந்ததால், இரண்டும் என் மூளையில் ஒருநாளும் சந்தித்துக்கொள்ளவில்லை.

அன்று முதல் அட்டைகளைத் திருத்தத் தொடங்கினேன். இயல்பு அளவு என்ன என்று கேட்ட அட்டைகளை நீக்கிவிட்டு, நோயாளியை முன்னே நிறுத்தும் கேள்விகளாக எழுதினேன். கடும் ஆஸ்துமாவுடன் நிமிடத்துக்கு 34 முறை மூச்சு வாங்கும் ஒருவருக்குக் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 42 என்று வந்தால் என்ன செய்வீர்கள்? பழைய அட்டைப்படி அது இயல்பு. உண்மையில், அவ்வளவு வேகமாக மூச்சு விடுபவருக்கு அது 35-க்கும் கீழே இருந்திருக்க வேண்டும். 42 என்பது மூச்சுத் தசைகள் களைத்துக்கொண்டிருப்பதைக் காட்டும் எச்சரிக்கை. இன்னொன்று: 160 செ.மீ. உயரமும் 90 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணுக்கு, கடும் மூச்சுத்திணறல் நோய்க்குறியில் (ARDS) வென்டிலேட்டர் என்ற செயற்கை மூச்சுக் கருவி ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று தர வேண்டும்? கிலோவுக்கு 6 மி.லி. என்பது எல்லோருக்கும் தெரியும். நுரையீரல் எடையோடு சேர்ந்து பெருப்பதில்லை என்பதால் உயரத்தைக் கொண்டு கணக்கிட்ட 52.4 கிலோவை எடுத்துக்கொண்டு சுமார் 315 மி.லி. என்று சொல்ல வேண்டும். 540 என்று சொல்பவர் நுரையீரலைக் காயப்படுத்துவார்.

மருந்துக் கணக்குக்கு இந்தச் செயலி உதவாது என்பதைத் தாமதமாகவே உணர்ந்தேன். 50 மி.லி.யில் 4 மி.கி. நார்அட்ரினலின், 60 கிலோ நோயாளி, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் என்ற அட்டையைக் கண்டதும் மணிக்கு 4.5 மி.லி. என்று கை தானாகவே எழுதும். கணக்கை நான் போடவில்லை. அட்டையின் முகத்தை அடையாளம் கண்டுகொண்டேன், அவ்வளவுதான். இப்போது எடையையும் செறிவையும் மாற்றி மாற்றித் தாளில்தான் போட்டுப் பார்க்கிறேன்.

பிறர் தயாரித்துப் பகிரும் தொகுப்புகளிலும் எச்சரிக்கை தேவை. செப்சிஸின் (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) வரையறை 2016-இல் மாறிய பிறகும், தொற்றோடு காய்ச்சலும் வெள்ளணு எண்ணிக்கை மாற்றமும் சேர்ந்தாலே செப்சிஸ் என்று சொல்லும் பழைய அட்டைகள் ஒரு தொகுப்பில் அப்படியே இருந்தன. தவறான விடையைச் செயலி அதே விசுவாசத்தோடு மனத்தில் ஏற்றிவிடும். நான்கு நாள் விடுபட்டால் குவியும் நிலுவையும் ஒரு தொல்லைதான், ஆனால் ஒரு நாளைக்கு வரும் அட்டைகளுக்கு உச்சவரம்பு வைத்தால் அது தீர்ந்துவிடும்.

புதிதாகத் தொடங்கும் மாணவர்கள் முதல் மூன்று மாதம் எண்களுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தலாம். அதன் பிறகு, பணிநேரம் முடிந்ததும் அன்று புரியாமல் போன ஒன்றை மட்டும் ஓர் அட்டையாக எழுதினால் போதும். என்னிடம் ஆயிரத்துக்கும் மேல் இருந்த அட்டைகள் இப்போது நானூறுக்குள் சுருங்கிவிட்டன. அவற்றில் நான் அடிக்கடி தவறவிடுவது இன்றும் ஒன்றுதான்: வென்டிலேட்டரின் உயர் அழுத்த அலாரம் ஒலித்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்ற கேள்வி. மூச்சுக்குழாயில் செருகிய குழாய் நகர்ந்ததா, அடைத்ததா, நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்ததா, கருவியில் கோளாறா என்ற வரிசை தெரிந்திருந்தும், கண் முதலில் நோயாளியின் மார்புக்குப் போகாமல் திரைக்கே போகிறது.